விண்மீன் மண்டலங்களிலும் ஒரு சுழிப்பிழை

மாணவ நண்பர்களே, திருகு அளவியை நீங்கள் கையாண்டிருப்பீர்கள். மெல்லிய கம்பியொன்றின் விட்டத்தை அளக்கப் புகுமுன் ஆசிரியர் சொல்லும் முதற்சொல், “சுழிப்பிழையைப் பார்” என்பதுதான். திருகின் முனை எதிர்முனையைத் தொட்டு நிற்கும்போது தலைக்கோலின் சுழி, புரிக்கோலின் கோட்டோடு ஒன்றி நிற்க வேண்டும். ஒன்றவில்லையென்றால் நீங்கள் எடுக்கும் ஒவ்வோர் அளவும் அதே அளவுக்குக் கூடியோ குறைந்தோ வரும்.

இப்பொழுது ஒன்றைக் கவனியுங்கள். கம்பியைப் பத்து இடங்களில் அளந்து சராசரி எடுக்கிறீர்கள். பிறகு நூறு இடங்களில் அளந்து எடுக்கிறீர்கள். கையழுத்தத்தாலும் பார்வையாலும் வரும் சிறு சிறு வேறுபாடுகள் கூடுதலும் குறைவுமாக ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சுழிப்பிழை மட்டும் அசையாமல் அப்படியே நிற்கும். ஆயிரம் முறை அளந்தாலும் அது போகாது. செய்முறைத் தேர்வில் இதை மறந்து மதிப்பெண்ணை இழப்பவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

முதல்வகைப் பிழைகளை ஒழுங்கற்ற பிழைகள் என்றும், இரண்டாம் வகையை முறையான பிழைகள் என்றும் பாடநூலில் படித்திருப்பீர்கள். பேரண்டத்தில் எவ்வளவு பொருள் இருக்கிறது, அது எங்கெங்கே குவிந்திருக்கிறது என்று அளக்கப் புகுந்த வானவியலாரும் இத்தகைய சுழிப்பிழை ஒன்றைச் சந்தித்தார்கள். அந்தப் பிழை அவர்களுடைய கருவியில் இல்லை. விண்மீன் மண்டலங்களிடமே இருந்தது! அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒளியை வளைக்கும் பொருள்

நிறையுள்ள எப்பொருளும் தன்னருகே செல்லும் ஒளியை வளைக்கும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கை தரும் முடிவு. கதிரவனின் விளிம்பை உரசிக்கொண்டு வரும் ஒரு விண்மீனின் ஒளி 1.75 விநாடிக் கோணம் வளைய வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். ஒரு பாகையை 3600 கூறுகளாக்கினால் ஒரு கூறுதான் ஒரு விநாடிக் கோணம். இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள நாணயத்தை மூன்று கிலோமீட்டர் தொலைவில் வைத்துப் பார்த்தால் அது நம் கண்ணில் அடைக்கும் கோணம் ஏறத்தாழ இவ்வளவே. 1919-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் முழுக் கதிரவ மறைப்பின்போது, பிரேசில் நாட்டின் சோப்ரால் என்னும் ஊரிலும், ஆப்பிரிக்காவை அடுத்த பிரின்சிப்பித் தீவிலும் ஆங்கிலேய வானவியலார் எடுத்த படங்கள் இதை மெய்ப்பித்தன.

கதிரவன் ஒன்றே இவ்வாறு செய்யுமானால், ஆயிரங்கோடிக்கணக்கான கதிரவன்கள் சேர்ந்த ஒரு விண்மீன் மண்டலம் என்ன செய்யும்? நூற்றுக்கணக்கான மண்டலங்கள் ஒன்றாகக் குழுமிய ஒரு கூட்டம் என்ன செய்யும்? அவை பெரிய லென்சுகளாக வேலை செய்யும் என்று பிரிட்ஸ் ஸ்விக்கி என்பவர் 1937-இலேயே சொல்லிவிட்டார். இந்த லென்சில் ஒரு சிறப்பு உண்டு. கண்ணுக்குத் தெரியும் பொருள், தெரியாத பொருள் என்ற வேற்றுமையெல்லாம் இதற்குக் கிடையாது. நிறை இருந்தால் ஒளி வளையும், அவ்வளவுதான். பேரண்டத்திலுள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு ஒளியை வெளிவிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இருட்பொருள் என்று அதற்குப் பெயர். அதைப் படமெடுக்க முடியாது. ஆனால் அதன் பின்னாலிருந்து வரும் ஒளி வளைந்திருப்பதைப் பார்த்து, அது இங்கே இருக்கிறது, இவ்வளவு இருக்கிறது என்று எடைபோட முடியும்.

பெருங்கூட்டம் ஒன்றின் நடுவிலே ஒளி மிகுதியாக வளைந்து, பின்னாலுள்ள மண்டலங்கள் உடைந்த வளையல் துண்டுகளைப் போல நீண்ட விற்களாகத் தெரிவதுண்டு. அப்படிப்பட்ட இடங்கள் மிகச் சிலவே. வானத்தின் மற்ற இடங்களில் பொருள் பரவலாகக் கிடக்கிறது. அங்கே நடக்கும் வளைவும் மிகச் சிறிது. வட்டமான ஒரு மண்டலம் நூற்றில் ஒரு பங்கு மட்டும் நீண்டு தோன்றும். இதனை மென் லென்சு விளைவு என்பர். ஒரு ரூபாய் நாணயத்தை ஒரு பக்கம் நூற்றில் ஒரு பங்கு நீட்டிவிட்டு உங்களிடம் தந்தால், அது வட்டமில்லை என்று கண்ணால் சொல்ல உங்களால் முடியுமா? முடியாது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்றும் உண்டு. மண்டலங்கள் நாணயங்களைப் போல வட்டமாகவே இருப்பதில்லை. பெரும்பாலானவை பிறப்பிலேயே நீள்வட்டமானவை. அவற்றின் இயற்கையான நீட்சி சராசரியாக நூற்றில் முப்பது பங்கு அளவுக்கு உண்டு. முப்பதுக்குள் ஒளிந்திருக்கும் ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

தாம்பாளத்தில் அரிசி

ஒரு தாம்பாளத்தில் ஒரு பிடி அரிசியைச் சற்று உயரத்திலிருந்து தூவுங்கள். நீண்ட அரிசியாக இருந்தால் நல்லது. ஒவ்வோர் அரிசியும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக் கிடக்கும். கிழக்கு மேற்காகக் கிடப்பவற்றிற்குக் கூட்டல் ஒன்று, வடக்கு தெற்காகக் கிடப்பவற்றிற்குக் கழித்தல் ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்டுக் கிடப்பது எந்தப் பக்கத்துக்கு நெருக்கமோ அந்தப் பக்கத்தில் சேரட்டும்.

ஓர் ஐயம் எழலாம். திசையன் பாடத்தில் கிழக்குக்கு எதிர் மேற்கு என்றுதானே படித்தோம், இங்கே கிழக்கு மேற்குக்கு எதிராக வடக்கு தெற்கைச் சொல்வானேன்? அரிசிக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. அதை 180 பாகை திருப்பி வைத்தால் பழைய அரிசியேதான். எனவே ஒன்றையொன்று அடித்துக்கொள்பவை 90 பாகையில் கிடக்கும் அரிசிகளே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நூறு அரிசிகளை எண்ணிக் கூட்டினால் விடை சரியாகச் சுழியாக வருவது அரிது. ஏறத்தாழ பத்து வரை ஏதாவது ஒரு பக்கம் மிஞ்சும். பத்தாயிரம் அரிசிகளை எண்ணினால் நூறு வரை மிஞ்சும். அதாவது எண்ணிக்கையின் வர்க்கமூலம் மிஞ்சுகிறது. நூற்றில் பத்து என்பது பத்தில் ஒரு பங்கு. பத்தாயிரத்தில் நூறு என்பது நூற்றில் ஒரு பங்குதான். எண்ணிக்கை கூடக் கூடச் சராசரி சுழியை நெருங்குகிறது.

இனி, மேடு பள்ளமான பழைய சன்னல் கண்ணாடி ஒன்றின் வழியாக அதே தாம்பாளத்தைப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கண்ணாடி ஒவ்வோர் அரிசியின் தோற்றத்தையும் கிழக்கு மேற்காக ஒரு துளி இழுத்துக் காட்டுகிறது. தனி அரிசி ஒன்றைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. ஆயிரக்கணக்கான அரிசிகளின் சராசரியை எடுத்தால் மட்டும் கூட்டல் பக்கம் சிறிது மிஞ்சி நிற்கும். அந்த மிச்சந்தான் கண்ணாடியின் வேலை.

வானவியலார் செய்வதும் இதுவே. அரிசிக்குப் பதில் தொலைதூர மண்டலங்கள். கண்ணாடிக்குப் பதில் இடைவெளியில் கிடக்கும் இருட்பொருள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இயற்கை நீட்சி 0.3, தேடும் நீட்சி 0.01. மண்டலங்கள் 900 இருந்தால் சராசரியில் மிஞ்சும் தடுமாற்றம் 0.3-ஐ 30-ஆல் வகுத்து வரும் 0.01. தேடும் பொருளும் தடுமாற்றமும் சரிசமம், பயனில்லை. மண்டலங்கள் 90,000 ஆனால் தடுமாற்றம் 0.001 ஆகக் குறைந்துவிடும். இப்போது நம்பிக்கையோடு சொல்லலாம்.

2000-ஆம் ஆண்டில் நான்கு குழுவினர் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இதைச் செய்து காட்டினார்கள். அவர்களுள் ஒரு குழு தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலுள்ள நான்கு மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 1,45,000 மண்டலங்களின் வடிவங்களை அளந்திருந்தது. பேரண்டப் பரப்பில் இருட்பொருள் பரவிக் கிடக்கும் விதம் முதன்முறையாக அளவுக்கு உட்பட்டது. அதன் பிறகு பத்து இலட்சம், ஒரு கோடி என்று எண்ணிக்கை ஏறிற்று. 2021-இல் முடிவுகளை வெளியிட்ட இருள் ஆற்றல் தேடல் என்னும் குழு பத்துக் கோடி மண்டலங்களை அளந்திருந்தது. பத்துக் கோடியின் வர்க்கமூலம் பத்தாயிரம்; ஆகவே தடுமாற்றம் 0.00003 தான்.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஓர் எண்ணத்தின்மேல் நிற்கிறது: அரிசி தாறுமாறாகத் தூவப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஒருவர் கையை வைத்து அரிசியை ஒரு பக்கமாக வழித்துவிட்டுப் போயிருந்தால்? அரிசிகள் கண்ணாடி இல்லாமலே ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். கோடி அரிசிகளை எண்ணினாலும் அந்தச் சாய்வு கரையாது. கண்ணாடியின் வேலை எது, கையின் வேலை எது என்று சொல்ல முடியாமல் போய்விடும். சுழிப்பிழை என்று நான் சொன்னது இதைத்தான்.

வழித்துவிட்ட கை

மண்டலங்களை வழித்துவிட்ட கை ஒன்று உண்டு. அது நமக்குப் புதியதன்று. கடற்கரையில் நாள்தோறும் இருமுறை காணும் ஓதமே அது.

ஓதம் ஏன் வருகிறது? நிலவுக்கு நேரே இருக்கும் கடல்நீர், புவியின் மையத்தைவிட நிலவுக்கு அருகில் இருக்கிறது. ஆகவே சற்று மிகுதியாக இழுக்கப்படுகிறது. மறுபக்கத்து நீர் தொலைவில் இருப்பதால் சற்றுக் குறைவாக இழுக்கப்பட்டுப் பின்தங்குகிறது. விளைவு, கடல் நிலவை நோக்கிய நேர்கோட்டில் இருபுறமும் நீண்டுவிடுகிறது. இழுப்பு எவ்வளவு என்பது இங்கே முக்கியமன்று. இரு பக்கத்து இழுப்புகளுக்கும் உள்ள வேறுபாடுதான் முக்கியம். கதிரவன் புவியை இழுக்கும் விசை நிலவு இழுக்கும் விசையைப்போல் நூற்றெழுபது மடங்குக்கும் மேல். ஆயினும் கதிரவனால் வரும் ஓதம் நிலவால் வருவதில் பாதிகூட இல்லை. ஈர்ப்பு விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஓத விசையோ மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. இதை நீங்களே தாளில் போட்டுத் தருவித்துப் பார்க்கலாம்.

ஒரு பெரும் பொருட்குவியலின் அருகே பிறந்து வளரும் மண்டலத்தை எண்ணிப் பாருங்கள். அதிலுள்ள விண்மீன்களும் இருட்பொருளும் கடல்நீரைப் போலவே அந்தக் குவியலை நோக்கிய கோட்டில் நீட்டப்படுகின்றன. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பேரண்டத்தில் பொருள் சிலந்திவலை போல இழை இழையாகக் கிடக்கிறது. மண்டலங்களை வளர்க்கும் பொருள் அந்த இழைகளின் வழியாகவே வந்து விழுகிறது. விழும் திசையிலேயே மண்டலமும் நீளுகிறது. இழைகள் கூடும் இடங்களில்தான் பெருங்கூட்டங்கள் இருக்கின்றன. ஆக, எப்படிப் பார்த்தாலும் மண்டலத்தின் நெட்டச்சு அருகிலுள்ள பெருங்குவியலைச் சுட்டி நிற்க வாய்ப்பு மிகுதி.

இது வெறும் கற்பனையன்று. மண்டலக் கூட்டங்களின் நடுவே ஒளிமிகுந்து விளங்கும் பெரிய மண்டலம், அந்தக் கூட்டம் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அந்தப் பக்கமே தானும் நீண்டிருக்கிறது என்று 1968-இலேயே ஜி. என். சாஸ்திரி என்பவர் குறிப்பிட்டிருக்கிறார். 1982-இல் புருனோ பிங்கெலி என்பவர், கூட்டங்களே ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு நிற்பதைக் காட்டினார். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியால் 65 தொலைதூரக் கூட்டங்களைப் பார்த்த ஆய்வாளர்கள், ஆயிரங்கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சீரமைவு ஏற்பட்டுவிட்டதாக 2017-இல் அறிவித்தனர். ஆயினும், கூட்டங்களை ஆராய்ந்தவர்களின் இந்தச் செய்தி, ஒளிவளைவை அளக்கப் புகுந்தவர்களின் கணக்குக்குள் நெடுங்காலம் நுழையவில்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில், மென் லென்சு விளைவு கண்டுபிடிக்கப்பட்ட அதே சமயத்தில்தான், “மண்டலங்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன என்று எண்ணுகிறோமே, அது சரிதானா?” என்ற கேள்வியும் உரக்க எழுந்தது.

எல்லா மண்டலங்களும் ஒரே மாதிரி வழிபடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். செந்நிறமான நீள்வட்ட மண்டலங்களில் விண்மீன்கள் எல்லாத் திசைகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓதம் நீட்டினால் அவற்றின் உருவம் நீளும். நீலநிறமான சுருள் மண்டலங்களோ சுழலும் தட்டுகள். அவற்றின் தோற்றத்தை முடிவு செய்வது சுழலச்சு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே. அந்தச் சுழற்சியைத் தொடக்கத்தில் தந்ததும் ஓத விசையின் திருப்புத்திறன்தான் என்றாலும், இன்றுவரை எடுத்த அளவீடுகளில் சுருள் மண்டலங்களிடம் இந்தச் சாய்வு தெளிவாகத் தென்படவில்லை.

சக்கரத்தின் ஆரக்கால்களும் விளிம்பும்

பிழை கூட்டலாக இருக்குமா, கழித்தலாக இருக்குமா? இங்கேதான் சுவையான திருப்பம் வருகிறது.

அருகருகே பிறந்த இரண்டு மண்டலங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். இரண்டையும் நீட்டியது ஒரே குவியல். ஆகவே இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். வானவியலார் தேடுவதும் ஒரே பக்கச் சாய்வைத்தான். இது லென்சின் வேலை என்று அவர்கள் எண்ணிவிட்டால், இல்லாத இருட்பொருளை இருப்பதாகக் கணக்கில் எழுதிவிடுவார்கள். இது கூட்டல் பிழை.

இதற்கு மருந்து எளிது. இயற்கைச் சாய்வு உண்மையிலேயே அண்டையில் இருக்கும் மண்டலங்களிடையேதான் உண்டு. வானத்தில் அருகருகே தோன்றினாலும், ஒன்று இருநூறு கோடி ஒளியாண்டிலும் மற்றொன்று ஐந்நூறு கோடி ஒளியாண்டிலும் இருந்தால் அவற்றுக்கிடையே உறவு ஏது? மண்டலங்களின் நிறத்தைக் கொண்டு அவற்றின் தொலைவை ஓரளவு கணிக்கலாம். ஒரே தொலைவிலுள்ள இணைகளை விலக்கிவிட்டு, வெவ்வேறு தொலைவிலுள்ள இணைகளை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். சிக்கல் தீர்ந்தது என்று பலரும் எண்ணினர்.

2004-ஆம் ஆண்டில் பிரின்ஸ்டனில் இருந்த கிறிஸ்டோபர் ஹிராத்தா, உரோஸ் செல்யாக் என்னும் இருவர், அது தீரவில்லை என்று காட்டினார்கள். (இந்த ஹிராத்தா 1996-இல், தம் பதின்மூன்றாம் வயதில், பன்னாட்டு இயற்பியல் ஒலிம்பியாடில் தங்கப்பதக்கம் பெற்றவர். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கவனிக்க!) அவர்கள் சொன்னதைப் புரிந்துகொள்ள ஒரு சைக்கிள் சக்கரத்தை மனத்தில் கொண்டு வாருங்கள்.

சக்கரத்தின் குடத்தில் பெரும் பொருட்குவியல் ஒன்று இருக்கட்டும். அதே தொலைவில், அதற்கு அண்டையில் உள்ளது முதல் மண்டலம். ஓதத்தால் நீண்ட அதன் நெட்டச்சு குடத்தை நோக்கியே இருக்கும். அதாவது அது ஆரக்காலைப் போல நிற்கும். இரண்டாம் மண்டலம் குவியலுக்கு வெகு தொலைவு பின்னால் இருக்கிறது. அதற்கும் குவியலுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் அதன் ஒளி நம்மிடம் வரும் வழியில் குவியலைக் கடந்தாக வேண்டும். கடக்கும்போது வளைந்து, அதன் தோற்றம் குவியலைச் சுற்றிய வட்டத்தின் வழியே நீளும். முன்பு சொன்ன வளையல் துண்டு நினைவிருக்கிறதல்லவா? அதாவது இரண்டாம் மண்டலம் சக்கரத்தின் விளிம்பைப் போல நிற்கும்.

வானத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன. ஒன்று ஆரக்கால், மற்றொன்று விளிம்பு. இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் 90 பாகை. 90 பாகையில் கிடக்கும் அரிசிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று பார்த்தோம். ஆகவே இங்கே இருக்கும் இருட்பொருளை இல்லை என்று கணக்குச் சொல்லும். இது கழித்தல் பிழை. முந்தைய மருந்து இதற்குப் பலிக்காது. ஏனென்றால் இந்த இணையின் உறுப்புகள் இயல்பாகவே வெவ்வேறு தொலைவில் இருப்பவை. எந்த இணைகளை நல்லவை என்று வைத்துக்கொண்டோமோ அவற்றுக்குள்ளேயே பிழை உட்கார்ந்திருக்கிறது!

2006-ஆம் ஆண்டில் இராச்சேல் மாண்டல்பாம் என்பவரும் அவருடைய குழுவினரும், நியூ மெக்சிகோவிலுள்ள இரண்டரை மீட்டர் தொலைநோக்கியின் வான்தேடல் தொகுப்பிலிருந்து இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களை எடுத்து ஆராய்ந்தனர். இவற்றின் தொலைவு நிறமாலையால் துல்லியமாக அறியப்பட்டிருந்தது. ஒளிமிகுந்த மண்டலங்கள், அவற்றைச் சூழ்ந்த பொருட்குவியல்களை நோக்கியே நீண்டிருந்தன. இருபது கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலும் அந்தச் சாய்வு தென்பட்டது. ஹிராத்தாவும் செல்யாக்கும் தாளில் கண்டது வானத்தில் உண்மையாயிற்று.

இந்தப் பிழை எவ்வளவு பெரிது? தேர்ந்தெடுக்கும் மண்டலங்களையும் தொலைவையும் பொறுத்தது. ஏறத்தாழ அளக்கப்படும் விளைவில் சில விழுக்காட்டிலிருந்து பத்து விழுக்காடு வரை என்று வைத்துக்கொள்ளலாம். பத்து விழுக்காடுதானே என்று தள்ளிவிட முடியாது. ஒரு வழக்கே அந்தப் பத்து விழுக்காட்டுக்குள் நடந்தது.

பேரண்டம் பிறந்து ஏறத்தாழ நான்கு இலட்சம் ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட நுண்ணலை ஒளியை 2009-இல் ஏவப்பட்ட பிளாங்க் செயற்கைக்கோள் அளந்தது. அதைக் கொண்டு, இன்று பொருள் எவ்வளவு திரண்டிருக்க வேண்டும் என்று கணித்தார்கள். மறுபுறம், மென் லென்சு விளைவால் இன்றுள்ள திரட்சியை நேரே அளந்தார்கள். சிலியிலுள்ள தொலைநோக்கியால் ஆயிரம் சதுரப் பாகை வானத்தைப் பார்த்த ஒரு குழு, 2020-21-இல் வெளியிட்ட முடிவில் திரட்சி ஏறத்தாழ எட்டு விழுக்காடு குறைவாக இருந்தது. இது உண்மையானால், இருட்பொருளைப் பற்றியோ ஈர்ப்பைப் பற்றியோ நாம் அறியாத புது இயற்பியல் இருக்க வேண்டும். ஆனால் கழித்தல் பிழையும் இதே பக்கந்தானே இழுக்கும்! கணக்கில் சாய்வுக்கு ஒதுக்கிய பங்கு சரிதானா என்று எத்தனை முறை சரிபார்த்தாலும் தகும். அதே குழு 2025-இல், மேலும் பரந்த வானப்பகுதியையும், மேலும் துல்லியமான தொலைவுக் கணிப்பையும், சாய்வுக்குப் புதிய கணக்கு முறையையும் கொண்டு மீண்டும் ஆராய்ந்தபோது வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. மறைந்ததற்குப் பெரும் காரணம் தொலைவுக் கணிப்புத் திருந்தியதே, சாய்வு மட்டுமன்று. புது இயற்பியலை அறிவிக்கும் முன் சுழிப்பிழையைப் பார்ப்பது எவ்வளவு நல்லது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

சுழித்திருத்தம் எப்படி?

திருகு அளவியின் சுழிப்பிழையை எப்படி அறிகிறோம்? கம்பியை வைக்காமல் வெறும் முனைகளை மூடிப் பார்க்கிறோம். மண்டலங்களிடம் அப்படிச் செய்ய முடியாது. இருட்பொருளை அகற்றிவிட்டு வானத்தைப் பார் என்று யாரிடம் சொல்வது? ஆகவே சுற்றுவழிகள்தாம்.

இரண்டு விளைவுகளும் தொலைவோடு வெவ்வேறு விதமாக மாறுகின்றன என்பது ஒரு பிடி. ஒரு குவியலுக்குப் பின்னால் மண்டலம் விலக விலக லென்சின் வலிமை படிப்படியாகக் கூடுகிறது. இயற்கைச் சாய்வோ குவியலின் அண்டையிலுள்ள மண்டலத்தைச் சேர்ந்தது. பின்னாலிருப்பது எவ்வளவு விலகினாலும் அது மாறுவதில்லை. எனவே மண்டலங்களைத் தொலைவு வாரியாக அடுக்கடுக்காகப் பிரித்து, அடுக்குக்கு அடுக்கு அளவு எப்படி மாறுகிறது என்று பார்த்தால் இரண்டையும் ஒரே சமயத்தில் தீர்க்கலாம். இரண்டு தெரியாத எண்களுக்கு இரண்டு சமன்பாடுகள் வேண்டும் என்ற உங்கள் இயற்கணிதந்தான் இது. சமன்பாடுகள் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கும். நிறம் மற்றொரு பிடி. செந்நிற மண்டலங்களுக்குச் சாய்வு மிகுதி, நீலத்துக்கு இல்லையென்று சொல்லுமளவு குறைவு. இரண்டையும் தனித்தனியே அளந்து விடைகள் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கலாம். இவற்றோடு, பேரண்டம் வளர்ந்த கதையைப் பெரிய கணிப்பொறிகளில் நடத்திப் பார்த்து, அங்கே தோன்றும் மண்டலங்களின் சாய்வையும் ஒப்பிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கணிப்பொறி மண்டலங்களை அளவுகோலாகக் கொள்வதைவிட வானத்து மண்டலங்களையே மேலும் அளப்பது நல்லது. வாயுவும் விண்மீன் வெடிப்பும் மண்டலத்தின் உருவை எப்படி மாற்றுகின்றன என்பதில் ஒரு கணிப்பொறி மாதிரி மற்றொன்றோடு ஒத்துப்போவதில்லை.

2023-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் ஐரோப்பியர் ஏவிய யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கி, வானத்தின் மூன்றில் ஒரு பங்கில் ஏறத்தாழ 150 கோடி மண்டலங்களின் வடிவங்களை அளப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. சிலியில் 8.4 மீட்டர் ஆடியோடு நிற்கும் வேரா உரூபின் வானாய்வகம் தன் முதற் படங்களை 2025 சூன் மாதம் வெளியிட்டது. 150 கோடியின் வர்க்கமூலத்தை நீங்களே கண்டு, 0.3-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். ஒழுங்கற்ற பிழை என்பதே இல்லையென்று ஆகிவிடும். அந்த நிலையில் எஞ்சி நிற்கும் சுழிப்பிழைகளில் மண்டலங்களின் சாய்வு முன்வரிசையில் இருக்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஓதம் வழித்துவிட்ட சாய்வு என்றால், அந்தச் சாய்வைப் படித்து ஓதத்தையே அறியலாம் அல்லவா? ஒகுமுரா, தருயா என்னும் இருவர் 2023-இல் இதைச் செய்து காட்டினர். மாண்டல்பாம் குழுவினர் பயன்படுத்திய அதே நியூ மெக்சிகோத் தேடல் பின்னர் வளர்த்த தொகுப்புகளிலிருந்து செந்நிற மண்டலங்களின் சாய்வை எடுத்து, பேரண்டத்தில் பொருள் எவ்வளவு விரைவாகத் திரண்டு வந்தது என்று கணக்கிட்டனர். அதாவது, லென்சு விளைவை அளப்பவர்கள் பிழை என்று களைய முற்பட்டதையே இவர்கள் அளவியாகக் கொண்டுவிட்டார்கள். கிடைத்த விடை ஐன்ஸ்டைனின் கொள்கையோடு ஒத்திருந்தது.